ஓசூரா, பெங்களூரா: எங்கள் வீட்டுக் கணக்கு

பெங்களூரின் ஓசூர்ப் பக்க ஓரத்தில் இருக்கிற எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து ஊரிலிருந்து கிளம்பி வருகிற சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லாரும் எங்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: வீடு பெங்களூர் பக்கம் பார்ப்பதா, ஓசூரில் பார்ப்பதா? நாங்கள் இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள். கல்யாணமானதும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்து ஹெப்பகோடியில் வாடகைக்கு இருந்தோம், பெரியவளைப் பள்ளியில் சேர்க்கிற வயது வந்ததும் ஓசூர் பாகலூர் ரோட்டுப் பக்கம் வந்துவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு வேலை அதே இடம்தான். சம்பளம் கர்நாடகத்தில், சமையல் தமிழ்நாட்டில். கணக்கு நோட்டு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் இரண்டு பக்கத்துச் செலவும் எழுத்தில் இருக்கிறது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்கிறவர்கள் எதிர்பார்ப்பது ஒரு விலைப் பட்டியல். அரிசி அங்கே என்ன, இங்கே என்ன, எண்ணெய் எவ்வளவு என்று. அதில் சொல்ல அதிகம் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, மிக்ஸி எதுவானாலும் நாடு முழுக்க ஒரே வரி, பாக்கெட்டில் அடித்திருக்கிற விலைதான். கேஸ் சிலிண்டரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் பத்துப் பதினைந்து ரூபாய் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். தக்காளி ராயக்கோட்டைப் பக்கம் விளைந்து இரண்டு ஊருக்கும் போகிறது. ஓசூர் உழவர் சந்தையில் காலையில் பலகையில் எழுதிப் போடுகிற விலைக்கு வாங்கினால் பெங்களூர்க் கடையைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும், ஆனால் அதற்கு ஏழு மணிக்குள் போக வேண்டும். பாலில் முன்பெல்லாம் கர்நாடகத்தின் நந்தினிதான் மலிவு. 2021-இல் ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்து நீல பாக்கெட் 40 ஆனது, 2025 ஏப்ரலில் நந்தினி 4 ரூபாய் ஏற்றியது, இப்போது ஆவின் மலிவு. தினம் ஒரு லிட்டர் வாங்குகிற வீட்டில் மாதம் ஒரு இருநூறு ரூபாய் விஷயம்.

ஆக, லாரியில் ஏறி எல்லை தாண்டுகிற பொருளில் வித்தியாசம் தேடிப் பயனில்லை. எல்லை தாண்ட முடியாதவை சில இருக்கின்றன: வீடு, தண்ணீர், பஸ், அரசாங்கம் தருகிற சலுகை, பிள்ளையின் சான்றிதழ். செலவு மாறுவது அங்கேதான். அதிலும் பாதி, ஆதார் அட்டையின் பின்பக்கம் எந்த மாநிலத்து முகவரி அச்சாகியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் வீடு. ஹெப்பகோடியில் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு நாங்கள் கடைசியாகக் கொடுத்தது 17,000 வாடகை, 2,000 மெயின்டனன்ஸ். ஓசூரில் அதைவிடக் கொஞ்சம் பெரிய வீடு, 10,500. மாதம் 8,500 ரூபாய் வித்தியாசம். இதைச் சொன்னதும் எல்லாரும் முடிவு பண்ணிவிடுகிறார்கள், ஆனால் அட்வான்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது ரொம்ப நாள் வழக்கம், இப்போது ஐந்து ஆறு மாதத்துக்கு இறங்கியிருக்கிறார்கள், எல்லாரும் இல்லை. நாங்கள் கொடுத்தது ஒன்றரை லட்சம். ஓசூரில் ஐம்பதாயிரம். அந்த ஒரு லட்சம் வித்தியாசத்தைப் பேங்கில் போட்டிருந்தால் ஆறரை சதவீத வட்டியில் வருடத்துக்கு 6,500 வந்திருக்கும். அதோடு, வீட்டைக் காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வீடு புதுசு போல இருந்தாலும் பிடிப்பார்கள், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். எங்கள் பழைய வீட்டு ஓனர் பெயின்டுக்கு ஒரு மாதம் பிடித்ததோடு குழாய், சுவிட்ச் என்று இன்னொரு ஆறாயிரமும் பிடித்தார், பில் கேட்டதற்குக் கடைசிவரை காட்டவில்லை. கொத்தாகப் போன அந்தப் பணத்தை யாரும் மாதச் செலவில் எழுதுவதில்லை. நான் எழுதினேன், இருந்த மாதங்களுக்குப் பிரித்துப் போட்டால் வாடகை இன்னும் ஏறுகிறது.

அப்புறம் தண்ணீர். பெங்களூர் காவிரித் தண்ணீரை நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிறது. நகரத்தின் ஓரத்தில் பல அடுக்குமாடிகளுக்கு அந்தக் குழாய் வந்து சேரவில்லை, போர் என்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் டேங்கரும்தான். 2024 மார்ச்சில் போர்கள் வற்றிப்போய் டேங்கர்காரர்கள் வாய்க்கு வந்த விலை கேட்டபோது மாவட்ட நிர்வாகமே விலை வைத்தது: 6,000 லிட்டர் டேங்கர் 5 கிலோமீட்டருக்குள் 600 ரூபாய், 10 கிலோமீட்டர் வரை 750. அந்த விலைக்கு டேங்கர் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அந்தக் கோடையில் மெயின்டனன்ஸோடு தண்ணீருக்குத் தனியாக வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வரை வசூலித்தார்கள், குழாயும் காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். துணி துவைப்பதை அந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளில் என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஓசூரில் தண்ணீர் தாராளம் என்று சொல்ல மாட்டேன், இங்கும் போர் ஆழம் போய்க்கொண்டே இருக்கிறது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு முறை வைத்துத்தான் வருகிறது. ஆனால் இங்கே வந்த பிறகு டேங்கருக்கு நான் காசு கொடுத்ததில்லை.

கரண்ட் விஷயத்தில் இரண்டு மாநிலமும் இரண்டு வழி. தமிழ்நாட்டில் 2016-லிருந்து எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். யாராக இருந்தாலும், வாடகைக்கு இருந்தாலும், விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிற எங்கள் வீட்டுக்கு எழுநூறு ரூபாய் சொச்சம் வருகிறது. 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருக்கிற சலுகை விலை போய்விடும், பில் சட்டென்று எகிறும். கர்நாடகத்தில் 2023-இல் வந்த கிருஹ ஜோதி, மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்கிறது. கேட்க அதுதான் பெரிசாகத் தெரியும். ஆனால் 200-ம் எல்லாருக்கும் இல்லை. அந்த இணைப்பில் 2022-23-இல் சராசரியாக எவ்வளவு ஓடியதோ அதோடு கொஞ்சம் (பெரும்பாலும் பத்து சதவீதம்) கூட்டி, அது வரைக்கும்தான் இலவசம். பழைய கணக்கு இல்லாத புது இணைப்பு என்றால் மாநில சராசரி 53 யூனிட், அதில் பத்து சதவீதம் சேர்த்து 58. புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோகிறவருக்கு 200 யூனிட் கனவில்தான். வாடகைக்காரரும் வாங்கலாம், பெயரைப் பதிய வேண்டும், முந்தைய வாடகைக்காரர் பெயரை எடுக்க வேண்டும். நடக்கிற வேலைதான், ஆனால் அலைச்சல்.

ரேஷனுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டை இருந்தால் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பையும் எண்ணெயையும் கடையில் வாங்கினால் மாதம் இருநூறு ரூபாயாவது கூட ஆகும். ஒரே நாடு ஒரே ரேஷன் இருக்கிறதே, பெங்களூரில் போய் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அந்தத் திட்டத்தில் எல்லை தாண்டி வருவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடைக்கிற தானியம் மட்டும். தமிழ்நாடு தன் பணத்தில் தருகிற பருப்பும் பாமாயிலும் ஓசூரின் எல்லையான ஜூஜூவாடியோடு நின்றுவிடும். ஹெப்பகோடியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தர்மபுரிக்காரர்கள், அட்டை ரத்தாகிவிடக் கூடாது என்று குடும்பத்தோடு ஊருக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வருவார்கள். அந்தப் பயணச் செலவு அவர்கள் மிச்சம் பிடித்த பருப்பு விலையைவிட அதிகம். ஆனால் அட்டைதான் முகவரி, அட்டைதான் பொங்கல் பரிசு, நாளைக்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம். அவர்கள் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை.

பெண்களுக்கு மாதா மாதம் பணம் தருவதும் அப்படித்தான். கர்நாடகத்தில் குடும்பத் தலைவிக்கு 2,000, தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை 1,000. தொகையைப் பார்த்தால் கர்நாடகம் இரட்டிப்பு. அங்கே வருமான வரி கட்டுகிற வீடாக இருந்தால் கிடையாது. இங்கே ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கு வருடம் 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடக் கூடாது. எங்களுக்கு இரண்டிலும் இடமில்லை, அது நியாயம்தான். ஆனால் நியாயமாகக் கிடைக்க வேண்டியவர்களுக்கே எல்லையில் கிடைக்காமல் போகிறது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். கர்நாடகப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் வந்தவர். அவர் காலையில் வேலைக்குப் போகிற வழியைச் சொல்கிறேன். ஓசூரிலிருந்து ஜூஜூவாடி வரை டவுன் பஸ், இலவசம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எந்தப் பெண்ணும் காசு தர வேண்டாம், எந்த ஊர் ஆள் என்று யாரும் கேட்பதில்லை. அங்கிருந்து அத்திப்பள்ளிக்கு ஷேர் ஆட்டோ, காசு. அத்திப்பள்ளியில் பிஎம்டிசி என்கிற பெங்களூர் மாநகர பஸ். அதிலும் பெண்களுக்கு இலவசம்தான், 2023 ஜூன் 11-இல் தொடங்கிய சக்தி திட்டம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அக்காவின் ஆதாரில் இன்னும் அத்திப்பள்ளி முகவரி இருக்கிறது, அதனால் பஸ் இலவசம். அதே முகவரி இருப்பதால் இங்கே ரேஷன் அட்டை கிடையாது, உரிமைத் தொகை கிடையாது. ஓசூருக்கு மாற்றினால் இவை கிடைக்க வழி உண்டு, பஸ்ஸுக்குத் தினமும் இரண்டு பக்கமும் டிக்கெட் எடுக்க வேண்டும். பிஎம்டிசி 2025 ஜனவரியில் கட்டணத்தைப் பதினைந்து சதவீதம் ஏற்றியது. “எதை விட்டா எது நிக்கும்னு கணக்குப் போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு கண்ணு” என்றார் ஒரு நாள், வாசலில் நின்று பாத்திரக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டே.

எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது. இந்த எல்லையில் காலையில் ஆறு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும், தூக்குப் பையும் சாப்பாட்டு டப்பாவுமாக எத்தனை பெண்கள் அந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை பேர் அந்தப் பக்கமிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வருகிறார்கள் என்று. அவர்கள் உழைப்பு இரண்டு மாநிலத்துக்கும் வரியாகப் போகிறது. ஓசூர்–அத்திப்பள்ளி–எலக்ட்ரானிக் சிட்டி தடத்தில் மட்டுமாவது ஒரு மாநில அடையாள அட்டையை இன்னொரு மாநிலம் ஏற்றுக்கொள்ளலாம். தமிழ்நாடு அட்டையே கேட்காமல் ஏற்றுகிறது, கர்நாடகமும் இந்த ஒரு தடத்தில் செய்தால் என்ன? அதேபோல இரண்டு மாநிலம் தாண்டுகிற பஸ்ஸில் தமிழ்நாடும் இலவசம் தருவதில்லை, டவுன் பஸ்ஸோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டு அரசும் பேசினால் முடிகிற காரியம் இது.

சரி, போக்குவரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் கடைசியாக ஏறியது 2018 ஜனவரியில். பெங்களூரில் பஸ்ஸும் ஏறியது, 2025 பிப்ரவரியில் மெட்ரோவும் ஏறி அதிகபட்சக் கட்டணம் 60-லிருந்து 90 ஆனது. ஆட்டோவில் மட்டும் பெங்களூர் பரவாயில்லை, மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஆப்பிலாவது விலை தெரியும். ஓசூரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாகலூர் ரோட்டுக்கு ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. சென்னைக்கே மீட்டர் கட்டணம் 2013-இல் வைத்தது, அதில் ஓட்டினால் அவர்களுக்கும் கட்டாது. பெட்ரோல், கர்நாடகம் 2024 ஜூனில் வரியை ஏற்றியபின், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டீசல் அந்தப் பக்கம் குறைவு, அதனால்தான் லாரிகள் அத்திப்பள்ளியில் நிரப்பிக்கொண்டு வருகின்றன.

என் வீட்டுக்காரர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து நண்பர்களோடு ஒரே காரில் போகிறார். பெட்ரோல், டோல் எல்லாம் பங்கு போட்டு மாதம் 4,500 ஆகிறது. வாடகையில் மிச்சமான 8,500-இல் இது கழிந்தால் 4,000. அத்தோடு வழியில் சந்தாபுரா நெரிசலில் நிற்கிற நேரம். ஒரு லாரி பழுதாகி நின்றால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். இந்த நாலாயிரத்துக்காக அப்பா முகத்தைப் பிள்ளைகள் ராத்திரி எட்டரைக்குப் பார்க்க வேண்டுமா என்று அவரவர் யோசிக்க வேண்டும். நாங்கள் யோசித்தோம், வேறு காரணங்களும் இருந்ததால் ஓசூர் என்று முடிவு செய்தோம். வேலை எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா என்று சில்க் போர்டு சந்திப்புக்கு இந்தப் பக்கம் இருந்தால்தான் இது. ஒயிட்ஃபீல்டு, மான்யதா என்று நகரத்தைத் தாண்டி இருந்தால் ஓசூர் பேச்சையே எடுக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திராவோடு நிற்கிறது. ஓசூர் வரை நீட்டுவதாகப் பேச்சு அடிபட்டது, பேச்சை நம்பி வீடு பார்க்க முடியாது.

வேறு காரணங்கள் என்றேன், அது பிள்ளைகள். கர்நாடகத்தில் படித்தால் கன்னடம் படித்தாக வேண்டும், 2015-இல் சட்டமே இருக்கிறது, தமிழ்நாட்டில் தமிழுக்கு 2006 சட்டம் இருப்பது போல. கன்னடம் படிப்பது நல்லதுதான், என் மகள் இன்றும் அங்கே இருந்த தோழிகளோடு கன்னடத்தில்தான் போனில் பேசுகிறாள். கவலை அதில் இல்லை. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் கர்நாடக அரசின் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அங்கே அரசு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி இடம் வேண்டுமானால் பொதுவாகக் குறைந்தது ஏழு ஆண்டு அங்கே படித்திருக்க வேண்டும். இங்கே பொறியியலுக்கு எட்டாவது முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் சிக்கல் இல்லை, இல்லையென்றால் இருப்பிடச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு இங்கே இருக்கிறது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் 1,000 இருக்கிறது. எட்டாவதில் ஒரு பிள்ளையை எல்லைக்கு அந்தப் பக்கம் மாற்றுவதற்கு நாளைக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டி வரும் என்று எந்த ஆன்லைன் கால்குலேட்டரும் காட்டுவதில்லை. வாடகை மிச்சத்தை எல்லாம் ஒரே வருடக் கல்லூரி ஃபீஸ் விழுங்கிவிடும்.

வீடு வாங்குவதாக இருந்தால் கணக்குத் திரும்பும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் குறைத்தபின் 2, மொத்தம் 9. கர்நாடகத்தில் தீர்வை 5, அதன்மேல் சில்லறை வரிகள், 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து பதிவுக் கட்டணம் 2, எல்லாம் சேர்த்து ஏழரைக்குக் கொஞ்சம் மேல். ஐம்பது லட்சத்துக்கு எழுபதாயிரம் ரூபாய் இங்கே அதிகம். என்றாலும் அந்த ஐம்பது லட்சத்துக்கு ஓசூரில் கிடைக்கிற இடம் ஹெப்பகோடியில் கிடைக்காது. காருக்கு முன்பு தமிழ்நாட்டில் வரி நன்றாகக் குறைவு, 2023 நவம்பரில் ஏற்றியதிலிருந்து அந்த லாபம் குறைந்துவிட்டது. தமிழ்நாட்டு நம்பர் வண்டியோடு பெங்களூரில் குடியேறினால் பன்னிரண்டு மாதத்துக்குள் அங்கே பதிவை மாற்ற வேண்டும், அங்கே வரி கட்டி, இங்கே கட்டியதில் மீதியைத் திருப்பிக் கேட்டு நடக்க வேண்டும்.

போன மாதம் என் கொழுந்தன் இதையே கேட்டான், “அண்ணி, ஒரே வார்த்தைல சொல்லுங்க, எங்க எடுக்கட்டும்?” என்று. கல்யாணம் ஆகாதவன், ஒற்றை ஆள். அவனுக்குப் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) போதும், பெங்களூரிலேயே இரு, பஸ்ஸில் கழிகிற இரண்டு மணி நேரத்தில் ஏதாவது படி என்றேன். கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. பெங்களூர்ப் பக்கம் வீடு பார்த்தால் அட்வான்ஸ் எத்தனை மாதம், காலி பண்ணும்போது எவ்வளவு பிடிப்பார்கள், ஏப்ரல் மே மாதத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரண்ட் இணைப்பில் எத்தனை யூனிட் வரை இலவசம், இந்த நான்கையும் கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், வீட்டு ஓனரிடம் கேட்காதீர்கள். ஓசூரில் பார்த்தால் வேலைக்குப் போகிற நேரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அந்த வழியில் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு முக்கால் மணி நேரம்தான் என்று சொல்லாதீர்கள். ஆதார் முகவரியை மாற்றும்முன், வீட்டில் யாருக்கு எந்த மாநிலத்தில் என்ன கிடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், முக்கியமாக வேலைக்குப் போகிற பெண்கள் பெயரில். ரேஷன் அட்டையை அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள், புது இடத்தில் பெயர் ஏறும்வரை பழையதற்கான சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாற்றுவதாக இருந்தால் ஆறாவதுக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.